வெட்டு எழுத்துக்கு வரி இடைவெளி: வேர்டில் எந்த எண்ணைப் போடுவது?

டீச்சர், பதிலை முதலே சொல்லிவிடுகிறேன். வேர்டின் பராகிராப் பெட்டியைத் திறந்து, ‘லைன் ஸ்பேசிங்’ என்ற இடத்தில் ‘எக்ஸாக்ட்லி’யைத் தெரிவு செய்யுங்கள். பக்கத்தில் ‘அட்’ என்றொரு கட்டம் இருக்கும். ஒரு வரியின் அடியிலிருந்து அடுத்த வரியின் அடிவரை எவ்வளவு தூரம் வேண்டுமோ அதை அங்கே போடுங்கள். மேலே ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’ என்று, பராவுக்கு முன்னும் பின்னும் விடும் இடத்துக்காக இருக்கும் இரண்டையும் பூச்சியமாக்குங்கள். உங்கள் சிக்கலில் பாதிக்கு மேல் இதோடு தீர்ந்துவிடும். மிச்சம் தமிழ் எழுத்தின் மேலும் கீழும் நீளும் உறுப்புகளைப் பற்றியது. அதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்காகச் சுருக்கித் தருகிறேன். மூதூரில் ஒரு பாடசாலை. வாணி விழாவுக்கு மேடைத் திரையில் ரெஜிபோம் (தெர்மோகோல்) எழுத்து, அறிவித்தல் பலகைக்குப் பிரிஸ்டல் போர்ட் (தடித்த காகித அட்டை) எழுத்து இரண்டும் வெட்ட வேண்டும். வேர்டில் பெரிதாக அடித்து அச்செடுத்து, அதையே மாதிரியாக வைத்து வெட்டுகிறீர்கள். இரண்டு மூன்று வரி வந்தால் இடைவெளி அளவுக்கு மிஞ்சித் தாள் வீணாகிறது. குறைத்தால் எழுத்தின் தலை வெட்டுப்படுகிறது. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றையும் ஒரே மாதிரியில் போட்டால் ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு தூரத்தில் நிற்கிறது. கிண்ணியாப் பாலம் தாண்டித் திருமலை டவுனுக்கு வந்து ஏ3 அச்செடுத்துப் போனால், வீட்டில் அளந்த அளவு தாளில் இல்லை.

முதலில் இடைவெளி ஏன் அப்படிப் பெருகுகிறது என்று பார்ப்போம். வேர்டில் ‘சிங்கிள்’ என்பது நிலையான தூரம் அல்ல. ஒவ்வொரு எழுத்துருவையும் செய்தவர் மேலே இவ்வளவு, கீழே இவ்வளவு இடம் வேண்டும் என்று அதற்குள்ளேயே எழுதி வைத்திருப்பார். அந்த இரண்டையும் கூட்டித்தான் வேர்ட் ஒரு வரியின் உயரத்தை எடுக்கிறது. காலிப்ரி எழுத்துருவை 100 புள்ளியில் (‘பொயின்ட்’ என்ற எழுத்தளவு அலகில்) அடித்தால் சிங்கிள் இடைவெளியே ஏறத்தாழ 122 புள்ளி. ஆனால் வேர்ட் 2013இலிருந்து வந்த பல பதிப்புகளில் புதுக் கோப்பு சிங்கிளில் திறப்பதில்லை, 1.08 மடங்கில் திறக்கிறது. அது 132 புள்ளி ஆயிற்று. ஒவ்வொரு பராவுக்குப் பின்னும் 8 புள்ளி ‘ஆஃப்டர்’ வேறு. ஆக 140 புள்ளி, கிட்டத்தட்ட 5 செ.மீ. அந்த அளவில் ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரமோ 2.2 செ.மீ. அளவுதான். கடிதம் அடிக்கும்போது இந்த மடங்குக் கணக்கு கண்ணுக்குத் தெரியாது. 12 புள்ளியில் அதனால் கூடுவது ஏறத்தாழ ஒரு புள்ளிதான். எழுத்தை 200, 300 என்று ஏற்றும்போது அதுவும் கூடவே ஏறுகிறது.

பாடசாலைக் கணினியில் ஒரு விதமாகவும் வீட்டில் வேறு விதமாகவும் வருவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். வேர்ட் 2003 வரை புதுக் கோப்பு சிங்கிள் இடைவெளியில், பின்னிடம் எதுவும் இல்லாமல் திறக்கும். 2007இலும் 2010இலும் 1.15 மடங்கும் 10 புள்ளி ஆஃப்டரும். பிறகு வந்த பல பதிப்புகளில் 1.08உம் 8உம். எந்தப் பதிப்பில் கோப்பைத் தொடங்கினீர்களோ அந்தக் கணக்கு கோப்போடு ஒட்டிக்கொண்டு வரும். எக்ஸாக்ட்லி போட்டு, பிஃபோர் ஆஃப்டரைப் பூச்சியமாக்கிவிட்டால் இந்த வேறுபாடு உங்களைத் தொடாது.

பெட்டியைத் திறக்கும் வழி: எல்லா வரிகளையும் தெரிவு செய்து, வலது சொடுக்கில் ‘பராகிராப்’. ‘அட்’ கட்டத்தில் புள்ளிக் கணக்கில்தான் போட வேண்டும் என்றில்லை. எண்ணை அடித்து, பின்னால் ஆங்கிலத்தில் சென்ரிமீற்றருக்கான சீ, எம் இரண்டு எழுத்தையும் அடித்தால் வேர்ட் தானே புள்ளியாக மாற்றிக்கொள்ளும். கையால் கணக்குப் பார்ப்பவர்களுக்கு, ஒரு அங்குலம் 72 புள்ளி, ஒரு செ.மீ. 28.35 புள்ளி. இடைவெளியை 1584 புள்ளிவரை கூட்டலாம், எழுத்தின் அளவை 1638வரை. அளவுப் பட்டியல் 72உடன் முடிந்துவிடுகிறதே என்று நிறுத்திவிட வேண்டாம், கட்டத்தில் எண்ணை நேரே அடியுங்கள்.

அதே பெட்டியில் ஒரே ஸ்டைலில் உள்ள பராக்களுக்கு நடுவே இடம் விடாதே என்று ஆங்கிலத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் சரி போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். ஏன் என்று கீழே வரும். வரியை முடிக்கும்போது ஷிஃப்ட் இல்லாமல் வெறும் என்டர் அடியுங்கள். ஷிஃப்டோடு அடித்தால் வரி உடையும், ஆனால் பரா ஒன்றாகவே இருக்கும். பிறகு ஒரு வரியை மட்டும் மேலே கீழே நகர்த்த முடியாது. கன்ட்ரோலையும் பூச்சியத்தையும் சேர்த்துத் தட்டினால் 12 புள்ளி பிஃபோர் சத்தமில்லாமல் ஏறிவிடும் என்பதையும் மனதில் வைத்திருங்கள். கன்ட்ரோல் 1, 2, 5 என்று இடைவெளியை மாற்றப் பழகியவர்கள் கை தவறித் தட்டும் இடம் அது.

இனி எந்த எண்ணைப் போடுவது என்ற கேள்வி. எழுத்தின் அளவு 100 என்றால் எழுத்து 100 புள்ளி உயரம் என்று எடுத்துவிடக் கூடாது. ஆங்கிலத்தில் ஏரியல் எழுத்துருவின் பெரிய எழுத்து அந்த எண்ணில் 71.6 வீதம்தான் உயரம். 3 அங்குல எழுத்து வேண்டுமென்றால் 216ஐ 0.716ஆல் வகுத்து 302 போட வேண்டும். தமிழ் எழுத்துருக்களில் உடம்பு இன்னும் சிறியது, மேலும் கீழும் உறுப்புகளுக்கு இடம் வேண்டுமல்லவா. உருவுக்கு உரு மாறவும் செய்யும். அதனால் எண்ணைத் தேடி அலையாமல் அளந்துவிடுவதே நல்லது. நீங்கள் வெட்டப்போகும் எழுத்துருவில் ‘ப’ என்று ஒரே ஒரு எழுத்தை 100 புள்ளியில் அடித்து, உண்மை அளவில் அச்செடுத்து, அடிமட்டத்தை வையுங்கள். ‘ப’வுக்கு மேலே விசிறியோ (‘வி’, ‘நி’ போன்றவற்றின் மேல் வளைவு) குற்றோ (மெய்யெழுத்தின் புள்ளி) இல்லை, கீழே வாலும் இல்லை. அதனால் உடம்பின் உயரம் அப்படியே கிடைக்கும். 1.75 செ.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 3.5 செ.மீ. வேண்டுமென்றால் 200 புள்ளி. இன்னும் இரண்டு அளவும் எடுத்துக்கொள்ளுங்கள்: ‘வி’யின் விசிறி உடம்புக்கு மேலே எவ்வளவு எழும்புகிறது, ‘ழ’வின் வால் அடிக்குக் கீழே எவ்வளவு இறங்குகிறது. 200 புள்ளியில் விசிறி 1.4 செ.மீ., வால் 1.3 செ.மீ. என்று வைப்போம். இரண்டும் சேர்த்து 2.7. மேல் வரியின் வாலும் கீழ் வரியின் விசிறியும் நேருக்கு நேர் வந்தாலும் இடிபடாமல் இருக்க, உடம்புக்கும் உடம்புக்கும் நடுவே 3 செ.மீ. விட்டால் போதும். அடிக்கு அடி 3.5உம் 3உம் சேர்த்து 6.5 செ.மீ. ‘அட்’ கட்டத்தில் அதுதான் போகவேண்டிய எண். வேர்ட் அதை 184 சொச்சம் புள்ளியாகக் காட்டும். எழுத்தின் அளவு 200, இடைவெளி அதைவிடக் குறைவு. இதைப் பார்த்துத் தயங்க வேண்டாம். பெரிய எழுத்தில் இது சாதாரணம்.

இப்போது உங்கள் வரிகளையே எடுப்போம். மேலே ‘வாணி விழா’, கீழே ‘கலை நிகழ்வுகள்’, இரண்டும் நடுவில். மேல் வரியில் கீழே வால் விடுவது ‘ழ’ ஒன்றுதான், அதுவும் வரியின் வலப்பக்கம். கீழ் வரியில் மேலே எழும்புபவை ‘நி’யின் விசிறியும் ‘ழ்’, ‘ள்’ ஆகியவற்றின் குற்றும். ‘ழ’வின் வால் போய் நிற்பது கீழே ‘ழ்’, ‘வு’ வரும் பக்கத்துக்குக் கிட்ட. இடப்பக்கத்தில் ‘வா’வுக்குக் கீழே ‘கலை’ வருகிறது. அங்கே கீழே இறங்குபவரும் இல்லை, மேலே ஏறுபவரும் இல்லை. அந்த 3 செ.மீ. முழுவதும் வெறுமையாகக் கிடக்கும். ஒரே எண், ஒரே இடைவெளி, ஆனால் வலது நெருக்கம், இடது ஓட்டை. மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் இதை அடிமட்டத்தால் அளப்பதில்லை. அவருடைய கண் ஏதோ சரிந்திருக்கிறது என்று மட்டும் சொல்லும்.

இதற்கு வேர்டில் பொத்தான் கிடையாது. செய்யக்கூடியது, சொற்களை மாற்றி அடுக்கிப் பார்ப்பது. ‘விழா’வின் வாலுக்கு நேரே கீழே ஒரு குற்று வராமல் கீழ் வரியை ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் இடமோ வலமோ தள்ளினால் இடைவெளியை அரை செ.மீ. குறைக்கலாம், ஓட்டையும் சுருங்கும். கீழ் வரியைச் சற்றுச் சிறிய அளவில் போட்டாலும் அதே பலன். விழாப் பெயர் பெரிதாக, மற்றது சிறிதாக இருப்பதுதான் எப்படியும் அழகு.

குற்றைப் பற்றி இன்னும் ஒரு சொல். காகிதத்தில் அது எழுத்தோடு சேர்ந்த பொட்டு. ரெஜிபோமில் அது தனித் துண்டு, எழுத்தோடு ஒட்டிக்கொண்டிராது. வரிகள் நெருங்கிவிட்டால் அந்தத் துண்டு எந்த வரிக்குச் சொந்தம் என்பதே மங்கிவிடும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு மேல் வரியின் முடிவில் போட்ட முற்றுப்புள்ளி மாதிரித் தெரியும். ஆகவே, குற்றுக்கும் அதன் எழுத்துக்கும் நடுவே உள்ள தூரத்தைவிடக் குற்றுக்கும் மேல் வரிக்கும் நடுவே உள்ள தூரம் இரண்டு மடங்காவது இருக்கட்டும். இது என் கண் சொல்லும் கணக்கு. இதை மீறி நெருக்கிய எழுத்து எனக்கு ஒருநாளும் வாசிக்க வசதியாக இருந்ததில்லை.

வரிக்கு வரி வேறு வேறு இடைவெளி தேவைப்பட்டால், எக்ஸாக்ட்லி எண்ணை வரிக்கொன்றாக மாற்றிக் குழப்பிக்கொள்ள வேண்டாம். எந்த இரண்டு வரிகள் மிக நெருக்கமாக நிற்கலாமோ அந்தத் தூரத்தை எல்லா வரிக்கும் பொதுவாகப் போடுங்கள். எந்த வரிக்கு மேலே கூடுதல் இடம் வேண்டுமோ அந்த வரியில் கர்சரை வைத்து பிஃபோரை மட்டும் ஏற்றுங்கள். ஒரே ஸ்டைல் கட்டத்தில் சரியை எடுக்கச் சொன்னது இதற்காகத்தான். அது இருந்தால் பிஃபோரில் எத்தனை போட்டாலும் வரி அசையாது.

எழுத்தின் தலை வெட்டுப்படுவது எக்ஸாக்ட்லியோடு வருவது. நீங்கள் சொன்ன உயரத்துக்குள் மட்டும் வரியைக் காட்டு என்று வேர்டிடம் சொல்லியிருக்கிறீர்கள், அது மேலே மிஞ்சும் விசிறியை மறைத்துவிடுகிறது. திரையில் வெட்டுப்பட்டது எல்லாம் தாளிலும் வெட்டுப்படும் என்று எடுத்துக்கொள்ளாமல், முதலில் பிடிஎஃப் ஆகச் சேமித்துப் பாருங்கள். அதிலும் தலை இல்லையென்றால், எண்ணை ஐந்து ஐந்து புள்ளியாக ஏற்றித் தலை முழுதாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். அதைவிட நெருக்கம் வேண்டுமென்றால் வரி இடைவெளியை விட்டுவிட்டு, ஒவ்வொரு வரியையும் தனி டெக்ஸ்ட் பொக்ஸில் போடுவதுதான் வழி. பெட்டிக்கு நிறமும் வேண்டாம், கோடும் வேண்டாம். அப்போது ஒரு பெட்டி மற்றதன் மேல் ஏறினாலும் எழுத்து மறையாது. அம்புக்குறி விசையால் பெட்டியை நகர்த்தி, வாலும் விசிறியும் ஒன்றையொன்று தாண்டிப் போகும்படி கூட அடுக்கலாம். கன்ட்ரோலோடு சேர்த்து அழுத்தினால் இன்னும் சிறு அசைவாக நகரும். மேடைக்கு நான் இந்த வழியைத்தான் விரும்புவேன். நீண்ட பட்டியல், பெயர்கள், பத்து வரி என்று வந்தால் எக்ஸாக்ட்லிதான் வசதி.

வேர்ட் ஆர்ட்டில் எழுத்தை வளைத்து இழுத்துப் பெட்டிக்கு நிரப்பும் வசதியைத் தமிழுக்குத் தொட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். உயரத்துக்கு இழுத்தால் படுத்த கோடு தடித்து, நின்ற கோடு மெலிந்ததுபோலத் தெரியும். வெட்டிய பிறகு ‘ண’வின் சுழிகள் நசுங்கிய மாதிரித் தெரியும்.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடிப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது உண்டு, நம் பக்கம் பழைய கோப்புகள் பெரும்பாலும் பாமினியில்தானே இருக்கின்றன. பாமினி எழுத்துகள் ஆங்கில விசைகளின் மேல் உட்கார்ந்திருப்பவை. வேர்டுக்கு அது ஆங்கிலம்தான். அதனால் வசனத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் தானியங்கித் திருத்தம் வேலை செய்துவிடும். ‘வாணி’ என்று அடித்து இடைவெளி விசையைத் தட்டியதும் முதல் ‘வ’, ‘வு’ ஆகிவிடும். ‘அம்மா’ என்றால் ‘ஆம்மா’. இதைப் பார்த்தும் பாராமல் அச்செடுத்து வெட்டினால் ஒரு பலகை வீண். ‘ஆட்டோ கரெக்ட்’ பட்டியலில் அந்த ஒரு சரியை எடுத்துவிடுங்கள். இரண்டாவது, எழுத்து பாமினியிலும், நடுவில் உள்ள வெற்றிடமோ வருட எண்ணோ காலிப்ரியிலும் இருந்தால், மடங்குக் கணக்கில் அந்த வரியின் உயரத்தை இரண்டில் பெரியது தீர்மானிக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாமல் ஒரு வரி மட்டும் விலகி நிற்கும். வெற்று வரிகளும் அப்படித்தான், அவற்றுக்கும் ஒரு எழுத்தளவு உண்டு. முழுவதையும் தெரிவு செய்து ஒரே எழுத்துரு, ஒரே அளவு கொடுத்துவிட்டுத்தான் இடைவெளியைத் தொட வேண்டும். இடம் விடுவதற்காக வெறும் என்டர் அடிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

வெட்டுவதற்காக எழுத்துக்கு எழுத்து இடம் கூட்டும்போதும் பாமினியில் கவனம் வேண்டும். அதில் விசிறியும் குற்றும் தனி எழுத்துகள், ‘க’வும் விசிறியும் பிரிந்து போய்விடும். கோட்டு எழுத்தாக, அதாவது உள்ளே வெள்ளையாக அச்செடுத்தாலும் இதே சிக்கல்தான், விசிறி உடம்போடு சேரும் இடத்தில் குறுக்கே ஒரு கோடு விழும். எழுத்தை மெல்லிய சாம்பல் நிறத்தில் அச்செடுங்கள். குறுக்குக் கோடும் வராது, மையும் மிச்சம்.

மூன்று மொழிக்கு வருகிறேன். திருமலையில் பொதுவான எந்தப் பலகையும் மூன்று மொழியில் இருப்பது வழக்கம், பாடசாலை விழாவிலும் விருந்தினரைப் பொறுத்து அப்படிச் செய்ய வேண்டி வரும். தமிழுக்கு லதா, சிங்களத்துக்கு இஸ்கூல போத்த, ஆங்கிலத்துக்கு ஏரியல் என்று போட்டால் மூன்றும் மேல்கீழ் இடத்தை வெவ்வேறாக எழுதி வைத்தவை. சிங்கிளிலோ மடங்கிலோ நின்றால் மூன்று வரியும் மூன்று தூரம். இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. எக்ஸாக்ட்லி போட்டதும் அடிக்கு அடி சமமாகிவிடும். ஆனால் சமமான தூரம் கண்ணுக்குச் சமமாகத் தெரிவதில்லை. சிங்களத்தில் மேலே இஸ்பில்ல, கீழே பாபில்ல என்று தமிழைப் போலவே இரண்டு பக்கமும் உறுப்புகள் உண்டு. ஆங்கிலத்தை முழுவதும் பெரிய எழுத்தில் போட்டால் அதற்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. ஆகவே ஆங்கில வரி தனியே ஒதுங்கி நிற்பதுபோலத் தோன்றும். அதை மேலே உள்ள வரிக்கு நெருக்கமாக எடுங்கள். பொது எண்ணை ஆங்கில வரிக்குப் பொருந்தும் நெருக்கத்தில் வைத்து, தமிழுக்கும் சிங்களத்துக்கும் நடுவே பிஃபோர் கொடுப்பதுதான் இதற்கும் வழி.

எழுத்தின் அளவையும் எண்ணைப் பார்த்துச் சமப்படுத்த வேண்டாம். மூன்றுக்கும் 200 போட்டால் ஆங்கிலம் மற்ற இரண்டையும் அமுக்கிவிடும். தமிழில் ‘ப’வின் உயரம், சிங்களத்தில் ‘ப’ ஒலிக்குரிய எழுத்தின் உயரம் இரண்டையும் அளந்து சமமாக்குங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்தை அதைவிடச் சற்றே, விசிறி உயரத்தில் கால்வாசி அளவு, கூட்டினால் மூன்றும் ஒரே நிறையில் தெரியும். மூன்று மொழியும் ஒரே மதிப்போடு நிற்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமானவன். ஒரு மொழியைக் கீழே ஒடுக்கிப் போட்ட பலகை அந்த மொழிக்காரரின் கண்ணில் உடனே படும்.

மேடைத் திரைக்கு எழுத்து 35 செ.மீ. உயரம் வேண்டுமென்றால் ஒரு தாளில் ஒரு எழுத்துக்கூட அடங்காது, அங்கே வரி இடைவெளி என்ற பேச்சே இல்லை என்று நினைக்கலாம். ஆனால் அங்கேதான் சிறிய மாதிரி மிகவும் உதவும். 4 மீற்றர் அகலம், 2 மீற்றர் உயரமுள்ள திரையைப் பத்தில் ஒன்றாக்கினால் 40 செ.மீ.க்கு 20 செ.மீ. ஏ3 தாள் 42க்கு 29.7, அதற்குள் அடங்குகிறது. பக்கத்தின் ஓரங்களை மட்டும் முதலில் ஒடுக்கிக்கொள்ள வேண்டும். மேலே போட்ட கணக்கு அப்படியே பொருந்தும்: மாதிரியில் உடம்பு 3.5 செ.மீ. என்றால் திரையில் 35, அடிக்கு அடி 6.5 என்றால் திரையில் 65. இந்த ஒரு தாளில் எல்லாவற்றையும் தீர்த்துக்கொண்டு, பிறகு எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கி அச்செடுக்கலாம். அடோபி ரீடரின் அச்சுப் பெட்டியில் ‘போஸ்டர்’ என்று ஒன்று உண்டு, ஒரு பக்கத்தைப் பல தாளாகப் பிரித்து, ஒட்டுவதற்கு ஓரமும் விட்டுத் தரும். அதில் அளவை 1000 வீதம் என்று போட்டால் எழுத்து வெட்டும் அளவிலேயே வரும். வெற்றுத் தாள்கள் நிறைய வீணாகும் என்பதால், ஒரு கோப்பில் ஒரு எழுத்தாகப் பிரித்துக்கொண்டு செய்வது நல்லது.

அறிவித்தல் பலகைக்குத் தலைப்புகளைப் பட்டியாக வெட்டுவதென்றால் அட்டவணை வசதி. ஒரு நிரல், வரிக்கு ஒரு நிரை. நிரையின் உயரத்தையும் எக்ஸாக்ட்லி என்று போட முடியும். அட்டவணைக் கோடுகள் அச்சில் வந்து, கத்திக்கு வழி காட்டும்.

லிப்ரே ஒபிஸ் ரைட்டர் வைத்திருப்பவர்களுக்கு ‘ஃபிக்ஸ்ட்’ என்பதுதான் எக்ஸாக்ட்லி. ‘புரபோர்ஷனல்’ என்பது மடங்கு, அதை 100 வீதத்துக்குக் கீழும் இறக்கலாம். கூகுள் டொக்ஸில் மடங்கு மட்டுமே உண்டு, நிலையான தூரம் கிடையாது. வெட்டு எழுத்துக்கு அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

கடையில் அச்செடுக்கும்போது அளவு மாறுவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, அந்தக் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லை, அது வேறொன்றை எடுத்துப் போடுகிறது. பாமினி இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளாகச் சிதறிவிடும். வேர்ட் கோப்பைக் கொண்டு போகாமல் பிடிஎஃப்பைப் பென் டிரைவில் கொண்டு போங்கள். வேர்ட் கோப்புத்தான் வேண்டுமென்று கேட்டால், ‘ஒப்ஷன்ஸ்’ பட்டியலின் ‘சேவ்’ பக்கத்தில் எழுத்துருவைக் கோப்போடு சேர்க்கும் கட்டத்தைச் சரி போட்டுச் சேமியுங்கள். மற்றது, அச்சுப் பெட்டியில் ‘ஃபிட்’ என்று இருப்பது. அது பக்கத்தைத் தாளுக்கு ஏற்றபடி சுருக்கிவிடும். ‘ஆக்சுவல் சைஸ்’ என்று போடச் சொல்லுங்கள். கோப்பின் பக்க அளவு அமெரிக்க லெட்டரில் இருந்து, தாள் ஏ4 ஆக இருந்தாலும் இதே சுருக்கம்தான் நடக்கும், அதை வீட்டிலேயே பார்த்துத் திருத்திவிடுங்கள்.

சொன்னால் கடைக்காரர் கேட்பாரோ என்று யோசிக்கவும் தேவையில்லை. மாதிரியின் மூலையில் சரியாக 10 செ.மீ. நீளமுள்ள ஒரு கோட்டைப் போட்டுவிடுங்கள். முதல் தாள் வெளியே வந்ததும் கடையில் நின்றபடியே அதில் அடிமட்டத்தை வைக்கலாம். 10 இருந்தால் மிச்சத்தை எடுக்கச் சொல்லுங்கள். 9.6 அல்லது 9.7 என்றால் அங்கேயே நிறுத்தி, அளவை மாற்றி எடுக்கலாம். மூதூருக்குத் திரும்பிப் போய்க் கண்டுபிடிப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

வெட்டிய பிறகு திரையில் ஏற்றும்போதும் அதே அடிக்குத்தான் மதிப்பு. மாதிரியில் ஒவ்வொரு வரியின் அடியிலும் ஒரு மெல்லிய கோடு இழுத்து அச்செடுங்கள். திரையில் அந்தக் கோட்டுக்குப் பதில் ஒரு நூலை இறுக்கிக் கட்டி, ‘வா’, ‘ணி’, ‘வி’ எல்லாவற்றின் அடியையும் நூலில் இருத்துங்கள். ‘ழ’வின் உடம்பு நூலில் இருக்க, வால் மட்டும் கீழே போகும். துண்டின் அடிப்பாகத்தைப் பார்த்து ஏற்றினால் ‘ழ’ அரைச் சாணுக்கு மேல் உயர்ந்துவிடும். குற்றுகளை எழுத்தோடு சேர்த்தே குத்துங்கள், பிறகு வைக்கலாம் என்று விட்டால் தூரம் மாறும். ரெஜிபோமுக்கு நிறம் அடிப்பதென்றால் தண்ணீரில் கரையும் பெயின்ட் மட்டும். தின்னர் கலந்ததும், ஸ்பிரே டின்னில் வருபவையில் பலவும் ரெஜிபோமைக் கரைத்துத் தின்றுவிடும்.

உங்கள் வரிகளின் சரியான சொற்களையும், திரையின் அகல உயரத்தையும், ‘ப’வை அளந்த அளவையும் அனுப்பினால், போடவேண்டிய எண்களைக் கணக்குப் பார்த்துத் தருகிறேன்.